வரி கொடுத்தவர் வாசலில் நிற்பதா?

வீட்டு வரி ரசீதை ஒரு முறையாவது முழுதாகப் படித்ததுண்டா, தோழரே?

தொகையைப் பார்த்திருப்பீர்கள். தேதியைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த ஆண்டு வேண்டியிருக்குமே என்று மடித்துத் தகரப் பெட்டியிலே பத்திரப்படுத்தியிருப்பீர்கள். இன்றிரவு அதை எடுத்து விளக்கடியில் விரித்துப் பாருங்கள். வீட்டு வரியோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு வரி இருக்கும். நூலக வரி என்று பெயர். ரூபாய்க்குப் பத்துக் காசு. இருநூறு ரூபாய் வீட்டு வரி என்றால் இருபது ரூபாய் நூலகத்துக்கு. நன்கொடைச் சீட்டு நீட்டிக் கேட்கவில்லை. உண்டியல் குலுக்கி வாங்கவில்லை. சட்டம் போட்டு வாங்கினார்கள், நாமும் கொடுத்துவிட்டோம்.

ஏழாயிரம்பண்ணையிலே கொடுக்கிறார்கள். வெம்பக்கோட்டையிலே கொடுக்கிறார்கள். சாத்தூரிலே, சிவகாசியிலே, சுற்றியிருக்கிற கரிசல் காட்டுச் சிற்றூர்களிலே கொடுக்கிறார்கள். சொந்த வீடு இல்லாதவர் தப்பித்துவிட்டார் என்று எண்ண வேண்டாம். வீட்டுக்காரர் அதை வாடகைக்குள்ளே வைத்து வாங்கிவிடுகிறார்.

கொடுத்தோம், சரி. பெற்றோமா?

பொழுது விடியுமுன் ஆலை வண்டி தெருமுனையில் வந்து நிற்கிறது. தூக்குச் சட்டியோடு ஏறுகிறவர், அந்தி சாயும் நேரத்தில், அலுமினியத் தூள் படிந்து வெள்ளி பூசியதுபோல் மின்னும் கைகளோடு இறங்குகிறார். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற அக்கா வீட்டுக்கு வந்ததும் அடுப்பைப் பார்க்கிறார். இவர்களிடம், ஊரில் நூலகம் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். “பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போகுமே, அதுதானே?” என்பார்கள். வரி கட்டியவருக்கு நூலகம் பிள்ளைகள் போகிற இடம்! பிள்ளைகள் போகட்டும், நிறையப் போகட்டும். ஆனால் அப்பனும் ஆத்தாளும் ஏன் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்? இதைத்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது.

இந்த வட்டாரத்துக்கு இந்தக் கணக்கு புதிதன்று. விருதுநகர்ப் பக்கத்துப் பெரியவர்களிடம் ‘மகமை’ என்று சொன்னால் முகம் மலரும். வணிகர்கள் மூட்டைக்கு இவ்வளவு என்று தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்ட பொதுப்பணம் அது. அரசு விதித்ததன்று, அமீனா வந்து வாங்கியதன்று. அதோடு சேர்ந்ததுதான் பிடியரிசி. உலையில் போடுமுன் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப்பானையில் ஒதுக்கி வைப்பாள் வீட்டுக்காரி. அதைச் சேர்த்து விற்ற காசில் ஆசிரியருக்குச் சம்பளம் போயிற்று. விருதுநகரில் காமராசர் படித்த சத்திரிய வித்தியாசாலை அப்படிப் பிடியரிசியில் வளர்ந்த பள்ளி. ஆறாம் வகுப்போடு படிப்பை விட்ட அந்தச் சிறுவன் 1954இல் முதலமைச்சராக வந்து, மூடிக் கிடந்த பள்ளிகளைத் திறந்தார். பட்டினியோடு வந்த பிள்ளைக்கு மதியச் சோறு போட்டார். அரசியலிலே அவருக்கும் நமக்கும் ஆயிரம் வழக்கு இருந்ததுண்டு. இந்தக் கணக்கில் வழக்கில்லை.

மகமைக்குப் பின்னால் ஒரு காயமும் இருந்தது. கோயிலுக்குள் வராதே என்று இந்த மண்ணில் ஒரு கூட்டத்தைத் தடுத்தார்கள். 1899இல் சிவகாசியே அந்தச் சண்டையில் தீப்பற்றி எரிந்தது. கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் பள்ளிக்கூடத்து வாசலைத் தாமே கட்டிக்கொண்டார்கள். இருந்தாலும் மகமைக்கு ஓர் எல்லை உண்டு. அது ஒரு சாதியார் தமக்குள் சேர்த்த பணம். நூலக வரியிலே அந்த எல்லை கிடையாது. சேரியிலிருந்து வருகிற காசும் கடைவீதியிலிருந்து வருகிற காசும் ஒரே பெட்டியில் விழுகின்றன. அந்தக் காசில் வாங்கிய நூலை எடுத்துப் பிரிக்கிறபோது எவன் தொட்டது என்று எவனும் கேட்பதில்லை. பொதுக்கிணற்றிலும் தேநீர்க் கடைக் குவளையிலும் சாதி பார்த்த நாட்டிலே இது சின்னச் செய்தியா?

இந்த வரி வந்த கதையைச் சொல்கிறேன்.

சீர்காழியில் 1892இல் பிறந்தவர் சீர்காழி ராமாமிர்தம் ரங்கநாதன். கணக்கு வாத்தியார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக அமர்த்தப்பட்டார். அந்தக் காலத்து நூலகம் என்றால் என்ன? பூட்டிய அலமாரி. சாவி ஒருவர் இடுப்பில். நூல் வேண்டுமென்றால் சீட்டு எழுதி நீட்டிக் கைகட்டி நிற்க வேண்டும். ரங்கநாதன் அலமாரியைத் திறந்து வைத்தார்; வாசகரே உள்ளே போய், தொட்டுப் பார்த்து, எடுத்துக்கொள்ளட்டும் என்றார். திருடிப் போய்விடுவார்களே என்று பதறினார்கள் சிலர். 1931இல் அவர் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார்; உலகத்து நூலகர்களெல்லாம் இன்றும் அவற்றைப் படிக்கிறார்கள். பூட்டி வைக்கவா நூல், புழங்கவே நூல் என்பதுதான் அவற்றின் அடிப்படை. அரிவாள் துருப்பிடிக்காமல் இருப்பது பரணிலா, வயலிலா என்று கேட்டால் நம் ஊர்க் குடியானவர் சொல்லிவிடுவார். படித்தவர்களுக்கு அதைச் சொல்ல ஒரு கணக்கு வாத்தியார் வர வேண்டியிருந்தது.

அதே 1931ஆம் ஆண்டு அக்டோபரில் மன்னார்குடிப் பக்கத்து மேலவாசலிலிருந்து ஒரு மாட்டு வண்டி புறப்பட்டது. வண்டியில் நெல் மூட்டை இல்லை, வைக்கோல் இல்லை. தட்டுத் தட்டாக நூல்கள். கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளரின் முயற்சி அது. நூலகத்துக்கு வர முடியாத உழவனிடம் நூலகம் போயிற்று, அவன் எந்த மாட்டை ஓட்டினானோ அதே மாட்டை ஓட்டிக்கொண்டு! இந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதை வைத்து ஒரு கேள்வி கேட்கப் போகிறேன்.

நூலகத்தைத் தனி மனிதரின் தயவில் விடக்கூடாது, சட்டம் வேண்டும், அதற்கென வரி வேண்டும் என்று ரங்கநாதனும் தோழர்களும் ஆண்டுக்கணக்கில் மன்றாடினார்கள். அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948இல், சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவிலே இப்படியொரு சட்டம் செய்த முதல் மாநிலம் நம்முடையது. 1950 ஏப்ரல் 1ஆம் நாளிலிருந்து நடைமுறைக்கு வந்தது. ரூபாய்க்கு ஆறு பைசா என்று வரி வைத்தார்கள். பழைய கணக்கில் பன்னிரண்டு பைசா ஓர் அணா. அதாவது ரூபாய்க்கு அரையணா! அந்த அரையணாதான் வளர்ந்து இன்றைக்குப் பத்துக் காசாக நிற்கிறது. மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு. மக்கள் தரும் வரிக்குக் குறையாமல் அரசும் தன் பங்குக்குப் பணம் தர வேண்டும், சென்னை நகரம் மட்டும் விலக்கு. இதுதான் அந்தச் சட்டத்தின் முதுகெலும்பு.

1948ஆம் ஆண்டைத் தொழிலாளத் தோழர்கள் மறக்க முடியாது. தொழிற்சாலைகள் சட்டம், குறைந்தபட்சக் கூலிச் சட்டம், தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம் மூன்றும் பிறந்தது அந்த ஆண்டுதான். நான்காவதாகப் பிறந்த தம்பிதான் நூலகச் சட்டம். மூத்தவர் மூவரையும் 2019லும் 2020லும் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொகுப்புச் சட்டங்கள் விழுங்கிவிட்டன. அதைப் பற்றிச் சங்கத்து மேடைகளில் பேசாத நாளில்லை. தம்பி மட்டும் தமிழ்நாட்டில் இன்னும் உயிரோடு இருக்கிறான்; அவனைப் பற்றித்தான் எந்த மேடையிலும் பேச்சில்லை.

சட்டம் எதற்கு, பணக்காரர் நான்கு பேர் மனம் வைத்தால் ஊருக்கு ஊர் நூலகம் கட்டிவிடலாமே என்பாரும் உண்டு. கட்டிய ஒருவரின் கதையைக் கேளுங்கள்.

ஆண்ட்ரூ கார்னெகி. ஸ்காட்லாந்துக் கைத்தறி நெசவாளியின் மகன். பிழைக்க வழியில்லாமல் குடும்பம் அமெரிக்கா போயிற்று. பையன் பஞ்சாலையில் வேலை பார்த்தான். பிறகு தந்தி கொண்டு போகும் பையனானான். ஆண்டர்சன் என்ற பெரியவர் தம் வீட்டிலிருந்த நானூறு நூல்களை உழைக்கும் பையன்களுக்குச் சனிக்கிழமைதோறும் இரவல் கொடுத்தார். அந்த நூலகம் பெரிதானபோது புதிய விதி போட்டார்கள்: முறையாகத் தொழில் பழக எழுதிக்கொடுத்த பையன்களுக்கு மட்டும் இலவசம், மற்றவர்கள் ஆண்டுக்கு இரண்டு டாலர் கட்ட வேண்டும். தந்திப் பையனுக்கு இரண்டு டாலர் ஏது? 1853இல், பதினேழு வயதில், பத்திரிகைக்கு எழுதினான். உழைக்கும் பையன் என்று மட்டும் கையெழுத்திட்டான். நூலகர் மறுப்பு எழுதினார். இவன் மறுபடி எழுதினான். விதி மாறியது! இரவல் விதி என்பது கல்லில் செதுக்கியதன்று, கேட்டால் மாறும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கதை அங்கே முடிந்திருந்தால் இனிமையாக இருந்திருக்கும். பையன் வளர்ந்து உருக்கு மன்னரானார். 1892இல் ஹோம்ஸ்டெட் ஆலையிலே கூலிக் குறைப்பை எதிர்த்துத் தொழிலாளர் நின்றபோது, கம்பெனி வரவழைத்த கூலிப்படையோடு மோதல் நடந்தது, தொழிலாளர் பலர் மாண்டனர், சங்கம் நொறுங்கியது. ஆறு ஆண்டு கழித்து, 1898இல், அதே ஆலைப் பகுதியில் கார்னெகி நூலகம் திறந்தது. உலகெங்கும் அவர் பணத்தில் எழுந்த நூலகங்கள் 2,500க்கு மேல். ஆனால் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் உலைமுன் வெந்தவன், அந்த மாளிகையில் போய் எப்போது படிப்பான்? கூலியைக் குறைத்து மிச்சம் பிடித்த காசில் நூலகம் கட்டித் தந்தால், அதற்கு நன்றி சொல்ல வேண்டியவர் யார்? கையேந்தி வாங்கிய நூலகத்தில் இந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. நாம் வரி கொடுத்து நடத்துகிற நூலகத்தில் கேட்கலாம்.

இங்கிலாந்தில் 1850இல் நூலகச் சட்டம் வந்தபோது எதிர்த்தவர்களுள் சிப்தார்ப் என்றொரு கர்னல். தமக்குப் படிப்பதே பிடிக்காது என்று நாடாளுமன்றத்திலேயே எழுந்து சொன்ன பெருமகன்! அந்தச் சட்டத்துக்காகக் கணக்குகள் திரட்டித் தந்து, மான்செஸ்டரின் முதல் பொது நூலகராக அமர்ந்தவர் எட்வர்டு எட்வர்ட்ஸ்; இளமையில் செங்கல் அடுக்கும் கொத்து வேலை பழகியவர். கர்னலுக்கு நூல் பிடிக்கவில்லை, கொத்தனாருக்குப் பிடித்தது. வியப்பில்லை.

சரி, நம் ஊருக்கு வருவோம். நூலகத்தில் என்ன கிடைக்கும், எப்படி வாங்குவது?

தமிழ்நாட்டில் இன்று 4,600க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள். சென்னையில் 1896இல் திறந்த கன்னிமாராதான் மாநில மைய நூலகம். இந்தியாவில் வெளியாகும் நூல்களில் ஒரு படி அங்கே வந்து சேர வேண்டும் என்பது 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏற்பாடு. அதற்கடுத்து மாவட்ட மைய நூலகம். பிறகு கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம். இதில் எது உங்களுக்கு அருகிலோ அதுவே உங்களுடையது.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். உள்ளே போக, உட்கார, நாளேடு, வார ஏடு படிக்க, அலமாரியிலிருந்து ஒரு நூலை எடுத்து அங்கேயே புரட்ட, ஒரு காசும் வேண்டாம், உறுப்பினர் அட்டையும் வேண்டாம். கைலி கட்டியிருந்தால் உள்ளே விடமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு வெளியே நிற்பவர்களை எனக்குத் தெரியும். அப்படி எந்தச் சட்டமும் இல்லை.

வீட்டுக்கு எடுத்துப் போகத்தான் உறுப்பினராக வேண்டும். படிவம் நூலகத்திலேயே கிடைக்கும். முகவரிக்குக் குடும்ப அட்டையோ ஆதார் அட்டையோ காட்டினால் ஆயிற்று. காப்புத் தொகை ஒன்று, ஆண்டுச் சந்தா ஒன்று. இரண்டும் சேர்ந்து சில பத்து ரூபாய்களில் அடங்கும். ஒருவேளை புரோட்டாவுக்கு ஆகிற செலவு. காப்புத் தொகை உங்கள் பணம், விலகும்போது திரும்ப வரும். கட்டுகிற தொகைக்கு ஏற்ப ஒரு நூலோ, இரண்டோ, மூன்றோ எடுக்கலாம். பதினைந்து நாள் தவணை. முடிக்கவில்லையா, கொண்டு போய்க் காட்டிப் புதுப்பித்துக்கொள்ளலாம். வேறொருவர் கேட்டிருந்தால் மட்டும் கொடுத்துவிட வேண்டும். தவணை தாண்டினால் சிறு தண்டம். தொலைத்தால் அந்த நூலையோ விலையையோ தர வேண்டும். அகராதி, களஞ்சியம் போன்ற பெரிய நூல்கள் வெளியே போகா. அங்கேயே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

தவணை தாண்டிவிட்டதே, தண்டம் கேட்பாரே என்று வெட்கப்பட்டு, நூலையும் கொடுக்காமல், நூலகத்துப் பக்கமே தலைகாட்டாமல் போனவர்கள் உண்டு. இதிலே வெட்கம் என்ன? வட்டிக்கடையில் தவணை தவறினால் வாசலில் வந்து நிற்பான். இங்கே கேட்பது சில்லறைக் காசு. கொடுத்துவிட்டு அடுத்த நூலை எடுங்கள்.

வசதியுள்ளவருக்கும் ஓர் இடமுண்டு. ஆயிரம் ரூபாய் கொடுத்தால் புரவலர், ஐயாயிரம் என்றால் பெரும்புரவலர், பத்தாயிரம் என்றால் கொடையாளர். சங்கத்துக் கிளையொன்று ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஆயிரம் சேர்க்க எத்தனை நாள் ஆகும்? ஒரு விழாப் பந்தலின் சீரியல் விளக்குக்கே அதைவிடக் கூடுதல் செலவாகிறது.

நாங்கள் மருந்து செலுத்துகிறவர்கள், குச்சி அடுக்குகிறவர்கள், எங்களுக்கு நூல் எதற்கு என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

2021 பிப்ரவரி 12. ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்திலே அச்சங்குளம். பட்டாசு ஆலையில் வெடி விபத்து. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அதற்கு முன்னும் விபத்து, பின்னும் விபத்து. ஒவ்வொரு முறையும் விசாரணையில் வந்து விழுகிற சொற்கள் பழக்கமானவை: அளவுக்கு மேல் ஆட்கள், அளவுக்கு மேல் மருந்து, உள்குத்தகை. அந்த ‘அளவு’ எங்கே இருக்கிறது? 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளிலே இருக்கிறது, ஆலையின் உரிமத்திலே இருக்கிறது. எந்த அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம் என்று அறைக்கு வெளியே எழுதிப் போட வேண்டும். எழுதியும் போடுகிறார்கள். நான்கு பேர் என்று எழுதிய அறையில் எட்டாவது ஆளாக உட்கார்ந்திருப்பவருக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்திருந்தால்? படித்தபின் கேட்கத் தெரிந்திருந்தால்? அவர் ஒருவர் கேட்டதால் ஆலை திருந்திவிடும் என்று நான் சொல்லவில்லை. முதலாளியும் அதிகாரியும் செய்ய வேண்டியதைத் தொழிலாளி தலையில் கட்டுவது அநீதி. ஆனால் தெரியாதவனை ஏமாற்றுவதுபோல் தெரிந்தவனை ஏமாற்ற முடியாது. இழப்பீடு எவ்வளவு, காப்பீட்டு மருத்துவம் யாருக்கு, சேமநிதிச் சீட்டில் இருக்கிற எண் என்ன என்பதெல்லாம் எழுத்தில்தான் இருக்கின்றன. எழுத்து தெரிந்தவனிடம் காசு கொடுத்துக் கேட்டே எத்தனை நாள் காலம் தள்ளுவது?

இன்னொரு வேடிக்கை பாருங்கள். சிவகாசியிலே தீப்பெட்டி உண்டு, பட்டாசு உண்டு, மூன்றாவதாக அச்சகம் உண்டு. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டுமென்று வந்த அச்சகம் ஊரெங்கும் பரவியது. நாட்காட்டி இங்கே அச்சாகிறது. பிள்ளைகள் எழுதும் நோட்டு இங்கே அச்சாகிறது. புத்தகம் இங்கே அச்சாகிறது. இந்தியாவுக்கே எழுத்தை அச்சிட்டு அனுப்புகிற பூமியில், வீட்டுச் சுவரிலே தொங்குகிற தினசரித் தாளைத் தவிர வேறு எழுத்து இல்லாத வீடுகள் எத்தனை!

இன்றைக்கு நாற்பது, ஐம்பது வயதிலிருக்கிற பலர் குழந்தையாக இருந்தபோதே தீப்பெட்டி ஆபீசில் உட்கார வைக்கப்பட்டவர்கள். 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996இல் உச்சநீதிமன்றம் சிவகாசி வழக்கிலே தீர்ப்புச் சொன்னது. அவர்களில் பலருக்கு அவை வருவதற்குள் பள்ளி வயது கடந்துவிட்டது. 1990களில் அறிவொளி இயக்கத்தார் இரவில் அரிக்கேன் விளக்கு வைத்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். கற்ற எழுத்து நிற்க வேண்டுமென்றால் அது புழங்க வேண்டும். புழங்க நூல் வேண்டும். இவர்கள் பெற்ற பிள்ளைகள் இன்று அரசு வேலைத் தேர்வுக்கு நூலகத்தில் காத்துக் கிடந்து படிக்கிறார்கள். மகனுக்குத் திறந்த கதவில் தாயும் நுழையட்டுமே!

நுழைவதற்குத் தடை நேரம். நூலகம் காலையில் திறந்து, நண்பகலில் அடைத்து, மாலையில் மறுபடி திறக்கிறது. ஊர்ப்புற நூலகம் என்றால் பொழுது சாய்ந்து சிறிது நேரத்தில் கதவு சாத்திவிடும். ஆலை வண்டி தெருமுனைக்கு வருகிறபோது நூலகர் பூட்டைப் பூட்டிக்கொண்டிருப்பார். நூலகரைக் குறை சொல்லாதீர்கள். ஊர்ப்புற நூலகர்கள் முறையான ஊதியம் கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடியவர்கள்; அவர்களும் நம்மைப்போல் உழைப்பாளிகள்தான். மாற வேண்டியது நேரம். மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை இரண்டு நாளாவது திறந்திருக்கட்டும். அதற்குரிய ஊதியத்தை ஆணைக்குழு கொடுக்கட்டும். பல நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கிறது என்று பொருள்! சனிக்கிழமை கூலி வாங்கிய கையோடு ஞாயிறு காலை கறிக்கடைக்குப் போகிற வழியில் நூலகத்துக்குள்ளும் எட்டிப் பார்க்கலாம். தீபாவளி முடிந்தால் பட்டாசு ஆலைகள் சில வாரம் மூடிக் கிடக்கும். அந்த வாரங்களில் மரத்தடியில் சீட்டு ஆடுகிற தோழர்களை நான் ஏசப் போவதில்லை. ஒரு நூல் பதினைந்து நாள் உங்கள் வீட்டிலிருக்கலாம் என்று மட்டும் நினைவூட்டுகிறேன்.

பெண்கள் நிலை இன்னும் மோசம். தீப்பெட்டித் தொழிலில் பெரும்பாலோர் பெண்கள். நூலகத்து நாளேட்டு மேசையைச் சுற்றி ஆண்கள் நிறைந்திருந்தால், வேலை முடித்து வந்த பெண் எப்படி உள்ளே போய் உட்காருவாள்? மன்னார்குடி மாட்டு வண்டியை மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, இங்கேதான் அந்தக் கேள்வி. 1931இல் மாட்டு வண்டியால் உழவன் வீட்டுக்குப் போக முடிந்தது. இத்தனை வாகனங்கள் ஓடுகிற இன்று பெண்ணின் வீட்டுக்கு நூல் போக முடியாதா? முடியும். நூலகத்துக்கு வர இயலாதவர் வீட்டுக்குத் தன்னார்வலர் நூல் கொண்டுபோய்க் கொடுக்கும் ‘நூலக நண்பர்கள்’ திட்டத்தை 2022இல் தமிழ்நாடு அரசு கொண்டு வந்தது. நம் இளைஞர் அணித் தோழர்கள் மோட்டார் சைக்கிளில் கொடி கட்டிப் பறக்கிறார்களே, பின் இருக்கையில் பத்து நூல்களைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போனால் யார் தடுப்பார்?

நம் வீட்டுக் குறையையும் சொல்லத்தான் வேண்டும். இயக்கம் வளர்ந்ததே படிப்பகங்களில். கீற்றுக் கொட்டகை, ஒரு பெஞ்சு, இரண்டு ஏடு; அவ்வளவுதான். தேநீர்க் கடையிலும் முடிதிருத்தும் கடையிலும் எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் சுற்றிக் கேட்டார்கள். கியூபாவின் ஹவானா நகரத்துச் சுருட்டுத் தொழிலாளர் 1865இல் இதையே செய்தார்கள். கை சுருட்டைச் சுற்ற, காது ஏட்டைக் கேட்க, படிப்பவருக்குரிய கூலியைத் தங்கள் கூலியிலிருந்து பங்கிட்டுக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே ஆளுநர் தடை போட்டார்! படிப்பவனைவிடக் கேட்பவனைக் கண்டு அஞ்சினார்கள் ஆள்வோர். நமக்கோ யாரும் தடை போடவில்லை. நாமே விட்டுவிட்டோம். ஊர் முனையில் கொடிக்கம்பம் நிற்கிறது, பெயர்ப்பலகை நிற்கிறது, படிப்பகம் என்று எழுத்தும் நிற்கிறது. உள்ளே பெஞ்சு எங்கே, ஏடு எங்கே? வீட்டுக்கொரு புத்தகசாலை வேண்டுமென்று வானொலியில் பேசியவர் அண்ணா. கன்னிமாராவில் அவர் உட்கார்ந்து படித்த கதையை மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறோம். அவர் பெயரில் 2010இல் கோட்டூர்புரத்தில் மாபெரும் நூலகம் எழுந்தது. மதுரையில் 2023 சூலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தது. பெருமைதான். ஏழாயிரம்பண்ணைத் தோழர் மருந்துக் கையைக் கழுவிவிட்டு மதுரைக்குப் பேருந்து ஏறிப் படிக்க முடியுமா? அவருக்கு வேண்டியது அவர் தெருவிலே, அவர் நேரத்திலே.

கடைசியாகப் பணம். ரசீதில் வாங்கிய நூலக வரி முழுதும் நூலகத்துக்குப் போகிறதா? சென்னை மாநகராட்சியிலிருந்து தொடங்கி உள்ளாட்சிகள் பல, மக்களிடம் வாங்கிய நூலக வரியை ஆணைக்குழுவுக்குச் செலுத்தாமல் கோடிக்கணக்கில் பாக்கி வைத்த செய்தி நாளேடுகளில் பலமுறை வந்ததுண்டு. எந்தக் கட்சி ஆட்சியில் நடந்தாலும் இது தவறுதான்; நம்மவர் தலைவராக இருக்கும் ஊராட்சியில் நடந்தால் இரட்டிப்புத் தவறு.

சனவரி 26, மே 1, ஆகத்து 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. மே நாளன்று காலையில் கொடியேற்றிவிட்டு, முழக்கமிட்ட தொண்டையோடு நேரே கிராம சபைக்குப் போங்கள். வீட்டு வரி ரசீதைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். சென்ற ஆண்டு இந்த ஊராட்சி வாங்கிய நூலக வரி எவ்வளவு, அதில் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கட்டியது எவ்வளவு, எந்தத் தேதியில் என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டி எழுதிக் கேளுங்கள். நூலகத்தை மாலை ஒன்பது மணி வரை திறக்க வேண்டுமென்று தீர்மானம் கொடுங்கள். வெடிபொருள் விதிகளும், கூலி, காப்பீட்டுச் சட்டங்களும் தமிழில் அலமாரியில் இருக்க வேண்டுமென்று நூலகத்து வாசகர் வட்டத்தில் எழுதி வையுங்கள். தீர்மானப் பதிவேட்டில் அது ஏறியதா என்று பார்த்து, அதன் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள்.